புகார் வரும் நாளில் பாலிசி இருக்குமா?

கேள்வி: நான் உளநல ஆலோசகர். இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு சிறிய ஆலோசனை மையம் நடத்துகிறேன். பாதி அமர்வுகள் காணொளியில். கட்டடத்துக்காக எடுத்த பொதுப் பொறுப்புக் காப்பீடே போதும் என்கிறார் முகவர். நாங்கள் மருந்துகூடத் தருவதில்லை. எங்கள்மீது யார் வழக்குப் போடப்போகிறார்கள்?

பதில்: அது போதாது. வாசலில் ஒருவர் வழுக்கி விழுந்தால்தான் அந்தப் பாலிசி கைகொடுக்கும். அமர்வில் நீங்கள் சொன்னதற்கும் சொல்லாமல் விட்டதற்கும் தொழில்சார் பொறுப்புக் காப்பீடு தனியாக வேண்டும்.

மருந்து தராதவர்மீதும் வழக்கு வரும். உங்களிடம் வந்துகொண்டிருந்தவர் தற்கொலை செய்துகொண்டால், ஆபத்தை ஏன் கவனிக்கவில்லை என்று குடும்பம் கேட்கும். ரகசியத்தை வெளியிட்டாலும் சிக்கல், காத்தாலும் சிக்கல். நோயாளியால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்றால் அவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்று 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே காணொளியில் பேசுபவர் வேறு நாட்டில் இருந்தாலும் பாலிசி செல்லுமா என்று கேளுங்கள்.

பிரீமியத்தைப் பார்க்கும் முன் தேதியைப் பாருங்கள் என்பேன். சம்பவம் நடந்த நாளில் பாலிசி இருந்தால் போதும் என்பது ஒரு வகை. புகார் வரும் நாளிலும் அது நடப்பில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு வகை. தொடக்கத்தில் இதன் பிரீமியம் குறைவாக இருக்கும், அதில்தான் பலர் மயங்குகிறார்கள். உங்கள் துறையில் புகார் பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். மையத்தை மூடி, பாலிசியையும் நிறுத்திய பிறகு நோட்டீஸ் வந்தால் இத்தனை காலம் கட்டிய பணம் உதவாது. இந்த வகையை எடுத்தால், உங்கள் முதல் அமர்விலிருந்தே பாதுகாப்பு கணக்காகிறதா, தொழிலை விட்ட பின் நீட்டித்துக்கொள்ள எவ்வளவு ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்தை மாற்றும்போது, பாதுகாப்பு கணக்காகத் தொடங்கிய பழைய தேதியை விட்டுவிடாதீர்கள்.

வக்கீல் செலவு காப்பீட்டுத் தொகைக்குள்ளேயே கழிகிறதா, உரிமம் வழங்கும் அமைப்பின் விசாரணைக்கும் உதவி உண்டா என்றும் பாருங்கள். உடன் பணிபுரியும் இருவரின் தவறுக்கு மையமும் பதில் சொல்ல நேரலாம்; அவர்கள் பாலிசியில் இருக்க வேண்டும்.

குறிப்பேடுகள் கணினியில் இருந்தால் இணையப் பாதுகாப்புக் காப்பீட்டையும் ஆடம்பரமாக நினைக்காதீர்கள். பின்லாந்தின் வாஸ்தாமோ உளசிகிச்சை நிறுவனத்திலிருந்து திருடிய குறிப்புகளை வைத்து 2020இல் நோயாளிகளையே பணம் கேட்டு மிரட்டினார்கள். அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் திவாலானது. மனம் திறந்து பேசியவர்களுக்கு நேர்ந்த அந்தக் கொடுமையை எந்தத் தொகையும் ஈடுசெய்யாது. ஆனால் அவர்களுக்கு உடனே தகவல் சொல்லவும் உதவவும் உங்கள் கையில் பணம் இருக்க வேண்டும்.