ஆன்லைன் ஆட்டத்தில் சேரலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எனக்கு வயது 36. ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சிங்கப்பூரில் ஒன்பது வருடம் ஷிப்யார்டில் வேலை பார்த்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் நான்கு வருடத்துக்கு முன்பு ஊரோடு வந்துவிட்டேன். இப்போது பதினைந்து மா (சுமார் ஐந்து ஏக்கர்) நிலத்தையும் இரண்டு மாடுகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

அங்கே ஒரே அறையில் இருந்த மூன்று பேர் இன்னும் நெருக்கமாகத்தான் இருக்கிறார்கள். ஒருவன் சிங்கப்பூரிலேயே இருக்கிறான், ஒருவன் ஜோகூரில், ஒருவன் புதுக்கோட்டையில். மூவரும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் சேர்ந்து ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் கேம் ஆடுகிறார்கள். "நாலாவது ஆளாக யாரோ தெரியாதவர்தான் வருகிறார், நீ வாடா" என்கிறார்கள். எனக்கும் ஆசைதான். லேப்டாப்பில் மற்ற கேம்கள் ஆடியிருக்கிறேன். ஆயிரக்கணக்கான பேர் ஒரே உலகத்தில் திரியும் இந்த மாதிரி ஆட்டம் ஆடியதில்லை.

பயமும் இருக்கிறது. இதற்கு முடிவே கிடையாது என்கிறார்கள். மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமாம். அப்பா "ரம்மி மாதிரியா?" என்று கேட்டார். மனைவி எதுவும் சொல்லவில்லை, அதுதான் யோசனையாக இருக்கிறது. பையனுக்கு ஏழு வயது. இந்த வயதில் இதைத் தொடங்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள தம்பி,

தொடங்கலாம். மாசியில் சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் பணம் பேங்கில் ஏறிய பிறகு தொடங்குங்கள். அதுவும் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல்.

ஏன் தொடங்கச் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் அந்த ஆட்டத்தின் கதை பற்றியோ, படங்களின் அழகு பற்றியோ ஒரு வரி இல்லை. மூன்று நண்பர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து நம் பக்கத்துக் கிராமங்களில் இருக்கும் பலரிடம் நான் பார்க்கும் ஒரு தனிமை உங்கள் எழுத்திலும் தெரிகிறது. கூடப் படித்தவர்கள் திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும் இருப்பார்கள். டீக்கடையில் பேச ஆள் உண்டு. ஆனால் டார்மிட்டரியில் ஒரே சமையல், ஒரே ஷிஃப்ட் என்று ஒன்பது வருடம் வாழ்ந்த வாழ்க்கை அங்கே யாருக்கும் தெரியாது. அந்த நண்பர்களோடு வாட்ஸ்அப்பில் இருந்தாலும், கொஞ்ச நாளில் அது பண்டிகை வாழ்த்தும் ஃபார்வர்டுமாகச் சுருங்கிவிடும். சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால்தான் நட்பில் பேச்சு ஊறும். இந்த வகை ஆட்டத்தில் அது கிடைக்கிறது. நான் பல வருடமாக ஆடுகிறவன் என்பதால் தைரியமாகவே சொல்கிறேன்.

இந்த ஆட்டங்களின் மூதாதை 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் எழுதியது. படமே கிடையாது, திரையில் வெறும் எழுத்துதான். அந்த பார்ட்டில் 1996-இல் ஒரு கட்டுரையில், இப்படிப்பட்ட உலகங்களுக்கு வருகிறவர்களை நான்கு வகையாகப் பிரித்தார். சாதித்துக் காட்ட வருகிறவர்கள், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், பழக வருகிறவர்கள், அடுத்தவரை வீழ்த்த வருகிறவர்கள். நீங்கள் மூன்றாம் வகை. ஆட்டம் நீட்டும் தூண்டில்களோ பெரும்பாலும் முதல் வகையினருக்கானவை. அடுத்த லெவல், அடுத்த ஆயுதம், இந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டிய கணக்கு என்று அது போய்க்கொண்டே இருக்கும். நண்பர்களைப் பார்க்கப் போன ஆள், நண்பர்கள் ஆன்லைனில் இல்லாத நாளிலும் லெவல் ஏற்ற உட்கார ஆரம்பிக்கும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

நேரம் இருக்கிறதா என்று யோசிப்பீர்கள். நான் வேறொன்றைக் கேட்பேன். நடுவில் எழுந்து போக முடியுமா? விவசாயிக்கு இதுதான் பெரிய கேள்வி. அறுவடை மெஷின் வரும் நேரம் உங்கள் கையில் இல்லை. பக்கத்து வயலை முடித்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வண்டி உங்கள் வரப்பில் வந்து நின்றால், நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும், சாக்கு வர வேண்டும் என்று நாள்கணக்கில் காவல் கிடப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் அடைத்துக்கொண்டால் நடுராத்திரியில் மண்வெட்டியோடு ஓட வேண்டும். இதற்கெல்லாம் இடம் கொடுக்காத ஆட்டம் உங்களுக்கு ஒத்துவராது.

இந்த ஆட்டம் எப்படி? பாதி இடம் கொடுக்கும், பாதி கொடுக்காது. டஞ்சன் என்று சொல்லப்படும் சின்னச் சுற்றுக்கு நான்கு பேர் வேண்டும். அடி வாங்கிக்கொண்டு முன்னால் நிற்கும் டேங்க் ஒருவர், காயம் ஆற்றும் ஹீலர் ஒருவர், அடிப்பவர்கள் இரண்டு பேர். ஒரு சுற்று பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டேங்கோ ஹீலரோ நடுவில் எழுந்தால் மற்ற மூவரும் நின்றுபோவார்கள். அதனால் முதல் சில மாதம் அடிப்பவராகவே இருங்கள். இந்த ஆட்டத்தில் ஒரே பாத்திரம் எல்லா வேலையையும் கற்றுக்கொள்ளலாம், பிறகு மாற்றிக்கொள்ளத் தடையில்லை. முக்கியக் கதையில் வரும் டஞ்சன்களைக் கணினியே ஓட்டும் துணைப் பாத்திரங்களோடும் ஆடலாம். அதில் நீங்கள் பாதியில் எழுந்து மாட்டைப் பார்க்கப் போனாலும் யாரும் காத்திருக்கப் போவதில்லை. தனியாக ஆடும் நேரத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள், நண்பர்கள் இருக்கும் நேரத்தை அவர்களுக்கு.

இடம் கொடுக்காத பாதி ரெய்டு. எட்டுப் பேர் கொண்ட குழு, பாஸ் என்னும் கடினமான பெரிய எதிரி, ஒரே சண்டையை வாரக்கணக்கில் மறுபடி மறுபடி முயல்வது. இந்த நாள், இந்த மணி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு வருவார்கள். ஒருவர் வராவிட்டால் ஏழு பேரின் மாலை போச்சு. நிரந்தரக் குழுவில் சேர்கிறேன் என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். நண்பர்கள் கேட்டாலும் சரி.

ஆட்டத்துக்குள்ளே வீடு வாங்கும் ஆசையும் பிறகு வரும். எல்லோருக்கும் வரும். அங்கே வீட்டு மனைகள் குறைவு. 45 நாள் நீங்கள் அந்த வீட்டுக்குள் போகாவிட்டால், அது தானாக இடிக்கப்பட்டு மனை வேறொருவருக்குப் போய்விடும். உலகில் பெரிய பேரிடர்கள் வந்தபோது நிறுவனம் அந்தக் கணக்கை நிறுத்திவைத்தது உண்டு. ஆனால் நம் பக்கத்து நிலைமையை அவர்கள் கவனிப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மன்னார்குடிக்குத் தெற்கே எத்தனை கிராமங்கள் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன! இங்கே இருந்துகொண்டு அந்த வீட்டை வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

விட்டுவிட்டுத் திரும்பி வரலாமா என்றால், தாராளமாக வரலாம். இந்த ஆட்டத்தின் இயக்குநர் நவோகி யோஷிடாவே, ஆடி முடித்தால் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு விளையாட்டு ஆடுங்கள், புதிய பகுதி வரும்போது திரும்பி வாருங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதை நான் பெரிதாக மதிக்கிறேன். 2010-இல் வெளிவந்த இதன் முதல் வடிவம் படுதோல்வி. 2012-இல் அதை மூடி, அவர் தலைமையில் புதிதாகக் கட்டி, 2013 ஆகஸ்டில் மறுபடி திறந்தார்கள். தினமும் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் பரிசு போய்விடும் என்று விரட்டும் பல மொபைல் ஆட்டங்களைவிட இது எவ்வளவோ மேல்.

அதனால்தான் மாசி அறுவடைக்குப் பிறகு, பங்குனி, சித்திரை, வைகாசியில் ஆடிப் பாருங்கள் என்று சொல்கிறேன். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு நாற்றங்கால் வேலை வந்துவிடும். அதற்கு முன்னால் மூன்று மாதம் கிடைக்கிறது. கோடையில் பருத்தியோ பம்புசெட் நெல்லோ போடுகிறவர் என்றால் இந்தக் கணக்கு மாறும், உங்களுக்கே தெரியும். தண்ணீர் வந்ததும் ஒரு மாதம் ஆட்டத்தைத் தொடாமல் இருந்து பாருங்கள். அது சிரமமில்லாமல் நடந்தால், சம்பா காலத்திலும் அளவாக ஆடலாம்.

அடுத்தது கடிகாரம். சிங்கப்பூரும் ஜோகூரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் போகின்றன. அவர்கள் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் உங்களுக்கு மாலை ஆறரை. பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, பையன் வீட்டுப் பாடத்தோடு உட்கார்ந்திருக்கும் நேரம் அது. உங்கள் தூக்கத்தைக் காட்டிலும் அந்த ஆறரை மணிதான் ஆபத்தில் இருக்கிறது. நண்பர்களிடம் பேசி வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு எட்டு மணிக்குத் தொடங்கும்படி கேளுங்கள். அவர்களுக்குப் பத்தரை, மறுநாள் விடுமுறை என்றால் ஒத்துக்கொள்வார்கள். புதுக்கோட்டைக்காரருக்கும் அதுதான் வசதி.

அவர்களோடு பேசுவதற்கு முன்னால் மனைவியிடம் பேசுங்கள். எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா, அல்லது சேரப் போவதாகத் தகவல் மட்டும் சொன்னீர்களா என்பது கடிதத்தில் இல்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு எழுவேன், அந்த நேரம் அப்பாவுக்கு மருந்து கொடுப்பது யார் என்று உட்கார்ந்து பேசுங்கள். படுக்கையில் கிடக்கும் பெரியவர் இருக்கும் வீட்டில் உங்கள் இரண்டு மணி நேரம் என்பது இன்னொருவர் தோளில் ஏறும் இரண்டு மணி நேரம். மனைவிக்கும் வாரத்தில் அதே அளவு நேரத்தை நீங்கள் ஒதுக்கிக் கொடுத்தால்தான் அது நியாயம்.

அப்பாவுக்குச் சொல்லுங்கள், இது ரம்மி மாதிரி இல்லை. பணம் கட்டி, பணம் ஜெயிக்க ஆடுவது ரம்மி. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டம் அப்படிப்பட்ட பண ஆட்டங்களைத் தடைசெய்தது. பந்தயம் இல்லாமல், நுழைவதற்கு மட்டும் சந்தா வாங்கும் ஆட்டங்களை அந்தச் சட்டமே தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஆட்டத்துக்குள் சேர்க்கும் காசை நிஜ ரூபாய்க்கு விற்கிறேன், வாங்குகிறேன் என்று சிலர் வருவார்கள். அது ஆட்ட விதிக்கே எதிரானது, கணக்கை முடக்கிவிடுவார்கள்.

சந்தா மாதம் 13 முதல் 15 டாலர், நம் பணத்தில் ஆயிரத்துக்கு மேல். ஆனால் இதன் இலவச வடிவத்துக்குக் கால வரம்பே கிடையாது. 70-ஆம் லெவல் வரை, முதல் ஆட்டமும் அதற்குப் பின் வந்த இரண்டு பெரிய தொடர்ச்சிகளும் அதில் அடங்கும். வாரத்துக்கு ஒரு நாள் ஆடுகிறவருக்கு வருடக்கணக்கில் போதும். சந்தையில் வாங்க விற்க முடியாது, நண்பர்களின் கில்டில் (ஆடுகிறவர்கள் அமைக்கும் நிரந்தரச் சங்கத்தில்) சேர முடியாது என்று சில தடைகள் உண்டு. அவர்கள் குழுவுக்கு அழைத்தால் சேர்ந்து ஆடலாம், உங்களுக்கு வேண்டியது அதுதானே. பேச்சுக்கு வாட்ஸ்அப் காலே போதும். ஆர்வத்தில் விலைக்கு வாங்கிவிடாதீர்கள். ஒருமுறை கட்டணக் கணக்காக மாறிவிட்டால் மறுபடி இலவசத்துக்குத் திரும்ப வழியில்லை.

அடிமையாகிவிடுவேனோ என்ற பயம் நியாயமானது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, விளையாட்டு அடிமை நிலையும் அதில் இருக்கிறது. மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள். எப்போது தொடங்குவது, நிறுத்துவது என்பது கைமீறிப் போவது. மற்ற வேலைகளைவிட ஆட்டம் முன்னால் வந்து நிற்பது. கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது. பொதுவாக ஒரு வருடமாவது இது நீடித்தால்தான் நோய் என்பார்கள். நீங்கள் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணி காட்டத் தாமதமானால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

பையன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்க்கட்டும், கதை சொல்லுங்கள். அவனுக்குத் தனிக் கணக்கு வேண்டாம். இது பதின்வயதினருக்கு என்று தரம் பிரிக்கப்பட்ட ஆட்டம், முன்பின் தெரியாதவர்கள் பேசும் இடம்.

லேப்டாப்பில் நூறு ஜிபிக்குமேல் காலி இடம் வேண்டும். டவுன்லோட் பெரிது, ஃபைபர் இருந்தால் ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள். ஆடும்போது டேட்டா அதிகம் செலவாகாது. அடிப்படைத் திறன்களுக்கு நடுவே இரண்டரை வினாடி இடைவெளி இருப்பதால், துப்பாக்கி ஆட்டங்களைப் போல இணையம் கொஞ்சம் தாமதித்தாலே தோற்றுவிட மாட்டீர்கள். மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கினால் நல்லது. கதை முழுக்க ஆங்கில எழுத்தாக ஓடும், நிறைய வாசிக்க வேண்டும், அவசரப்படாதீர்கள். பாத்திரத்தை உருவாக்கும்போது எந்த உலகம், அதாவது எந்த சர்வர் என்று கேட்கும். நண்பர்கள் எந்த டேட்டா சென்டரில் (பல உலகங்கள் சேர்ந்த தொகுப்பில்), எந்தப் பெயருள்ள உலகத்தில் இருக்கிறார்கள் என்று முன்பே கேட்டு அதையே தேர்ந்தெடுங்கள். பிறகு நிரந்தரமாக மாறுவதென்றால் அதற்குத் தனிக் கட்டணம்.

அன்புடன்,
அண்ணன்
கும்பகோணம்