ஊசி இருக்கட்டும், பாட்டி மாத்திரை என்ன ஆச்சு?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளிக்கு டி.டி. ஊசி போட வந்தபோது, 'போன வருஷம் ஆணி குத்தினப்பவே போட்டாச்சு' என்று நழுவிவிட்டான். ஊசி போட்ட பிள்ளைகள் வரிசையாக மயங்கி விழும் வீடியோவை வேறு காட்டுகிறான். வீட்டில் அவன்தான் விவரமானவன். வீடியோ பார்த்து என் மாமியாரின் சர்க்கரை மாத்திரையைக்கூடப் பாதியாக்கிவிட்டான். ஊசிக்கு எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: அதென்ன அம்மா, 'மாத்திரையைக்கூட'? ஊசியை, சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் புதன்கிழமை போட்டுக்கொள்ளலாம். மாமியார் எத்தனை நாளாய்ப் பாதி மாத்திரையில் இருக்கிறார்? எழுதவில்லையே! எழுதிக் கொடுத்தது மருத்துவர், குறைத்தது பிளஸ் ஒன் பையன், பார்த்துக்கொண்டிருந்தது நீங்களும் உங்கள் கணவரும். வயதானவரின் மருந்து மகன், மருமகள் பொறுப்பு. அதைப் பேரன் தலையில் கட்டிவிட்டு, இப்போது அவன் யார் பேச்சும் கேட்பதில்லை என்றால் எப்படி?

நாளைக் காலை வெறும் வயிற்றோடு அவரை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மாத்திரை அட்டை, பழைய சீட்டு எல்லாம் பையில் இருக்கட்டும். எத்தனை நாள் குறைத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பையனும் கூட வரட்டும். சர்க்கரை மாத்திரைகளில் மெட்ஃபார்மின் என்றால் 500 மில்லிகிராமும் உண்டு, 1000-உம் உண்டு. பெயரை மட்டும் பார்த்து மில்லிகிராமை விட்டால் அளவு இரட்டிப்பாகிவிடலாம். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போட வேண்டும். கிளிமிபிரைடு என்ற மாத்திரை என்றால் சாப்பாட்டுக்குச் சற்று முன். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் சர்க்கரை இறங்கி வியர்க்கும், கை நடுங்கும். படிக்கத் தெரிந்த பிள்ளை இதையெல்லாம் மருத்துவரிடமே கேட்டு எழுதிவரட்டும். படித்துச் சொல்வது அவன் வேலை. கூட்டுவதும் குறைப்பதும் அவன் வேலையில்லை.

இனி ஊசி. ஊசி இரண்டு வகை; தமிழில் இரண்டையுமே 'டி.டி.' என்றுதான் எழுதுகிறோம், குழப்பம் அங்கேதான். ஆணி குத்தினால் பல இடங்களில் போடுவது ரண ஜன்னிக்கு (டெட்டனஸ்) மட்டுமான ஊசி. 10 வயதிலும் 16 வயதிலும் அரசு போடுவதில் தொண்டை அடைப்பானுக்கான (டிப்தீரியா) மருந்தும் சேர்ந்திருக்கிறது. சின்ன வயதில் போட்டதன் காப்பு நாளாக ஆகக் குறையும், அதனால்தான் மறுபடி. தொண்டையில் சாம்பல் நிறத்தில் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும், நஞ்சு இதயத்தையும் தாக்கும் நோய் அது. தண்டையார்பேட்டையில் தொற்றுநோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி ஏன் இருக்கிறது என்று அவனைக் கேளுங்கள்.

அந்த வீடியோ பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இந்த வயதில் பயத்தில், வெறும் வயிற்றில் ஊசி போட்டால் மயக்கம் வரும்; ஒருத்தி விழுவதைப் பார்த்து வரிசையில் நிற்கும் அடுத்தவளும் விழுவாள். மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், உட்கார்ந்தபடி போட்டுக்கொள்ளட்டும், அரை மணி நேரம் அங்கேயே இருக்கட்டும். கை ஒன்றிரண்டு நாள் வலிக்கும், தேய்க்க வேண்டாம்.

போன வருஷச் சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். அன்று போட்டது எந்த டி.டி. என்று நர்ஸ் பார்த்துச் சொல்வார்.