உள்ளே போய்விட்டால் பொருந்திவிட்டதா? ஏர் ரைஃபிள் உதிரிப் பாகங்கள்: கேள்வி – பதில்

குழலை மடக்கினால் ஸ்பிரிங் அமுங்கி, சுடும்போது அது தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்திப் பெல்லட்டை (சிறு குண்டை) வெளியேற்றும் ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிள்களுக்கு வேறு கம்பெனி உதிரிப் பாகங்கள் வாங்குவது பற்றி வந்த கேள்விகளிலிருந்து சில.

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ‘எல்லா மாடலுக்கும் சேரும்’ என்று கடையில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். மாட்டுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?
– திண்டுக்கல் வாசகர்

எல்லாவற்றுக்கும் சேரும் என்று விற்கிற ஸ்பிரிங் பெரும்பாலும் எதற்கும் சரியாகச் சேர்வதில்லை. வெர்னியரை எடுத்து நாலு அளவு குறித்துக்கொள்ளுங்கள்: கம்பியின் தடிமன், சுருளின் வெளி விட்டம், உள் விட்டம், மொத்தச் சுற்றுகள். நீளத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புது ஸ்பிரிங் முதல் சில முறை அமுங்கியதும் கொஞ்சம் குறுகி, அதோடு நின்றுவிடும். நிற்காமல் குறுகிக்கொண்டே போனால் கம்பியின் பதம் சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதல் கணக்கு, சுற்றைக் கம்பித் தடிமனால் பெருக்குவது. 3 மி.மீ. கம்பியில் 36 சுற்று என்றால், முழுக்க அமுங்கிய நிலையில் 108 மி.மீ. பிஸ்டன் பின்னால் வந்து டிரிகர் கொக்கியில் மாட்டி நிற்கும்போது ஸ்பிரிங்குக்கு மிஞ்சும் இடம் 112 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 4 மி.மீ. கையிருப்பு. அதே கம்பியில் 38 சுற்று வந்தால் 114. சுற்றோடு சுற்று முட்டும், கொக்கி விழாது. ‘புதுசு, அதனால் இறுக்கம்’ என்று நினைத்துப் பலம் கொடுத்தால் காக்கிங் லிங்க் (குழலை மடக்கும்போது பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும் கம்பி) வளைந்துவிடும். அந்த இடத்தை அளக்க வழியில்லை என்றால், ஒழுங்காக வேலை செய்த பழைய ஸ்பிரிங்கின் பெருக்குத் தொகையே உச்சவரம்பு. பிஸ்டனுக்குள் கூடுதல் வாஷர் போடுவதானால் அதன் தடிமனையும் கூட்டுங்கள்.

அடுத்தது கைடு, அதாவது ஸ்பிரிங்குக்குள் நுழைந்து அதை நேராகப் பிடிக்கும் தண்டு. ஸ்பிரிங் அதன் மேல் தானாக வழுக்கி இறங்கக் கூடாது. கையால் லேசாகத் திருகி ஏற்றுகிற அளவு பிடிப்பு வேண்டும். அரை மி.மீ. ஆட்டம் இருந்தாலே ஒவ்வொரு சூட்டுக்கும் ‘டொய்ங்’ என்று அதிரும். வெளிப்பக்கம் இதற்கு நேர்மாறு. அமுங்கும்போது சுருள் சற்றுப் பருப்பதால், பிஸ்டனின் உள்சுவரோடு ஒட்டி இருக்கக் கூடாது.

கண்ணாடி மேல் நிமிர்த்தி வைத்தால் சாயாமல் நிற்கிறதா, உருட்டினால் தடுமாறாமல் உருள்கிறதா என்று பாருங்கள். இரு முனைகளும் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். நுனியில் பிசிறு இருந்தால் 400 நம்பர் உப்புத்தாள், பிறகு 1000. கம்பி மேல் குறுக்குக் கீறலோ துருப்புள்ளியோ இருந்தால் தேய்த்துப் பயனில்லை, ஸ்பிரிங் உடைவது அங்கேதான்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. காக் செய்யாத (குழலை மடக்கிக் கொக்கியில் மாட்டாத) நிலையிலும் ஸ்பிரிங் உள்ளே அமுங்கித்தான் இருக்கிறது. பின் மூடியைக் கையால் அடக்கிவிடலாம் என்று இறங்காதீர்கள். நீளமான தச்சு கிளாம்ப் இல்லாமல் மூடியைப் பிடித்திருக்கும் பின்னை (pin) தட்டவே கூடாது.

புது பிஸ்டன் சீல் (பிஸ்டன் முனையில் காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) போட்டபின் வேகம் முன்னைவிடக் குறைந்திருக்கிறது. சீல் மட்டமா?
– கோவை வாசகர்

மட்டமாக இருக்கலாம், மாட்டும்போது வெட்டுப்பட்டும் இருக்கலாம். பிஸ்டன் ஓடும் டியூபில், காக்கிங் லிங்குக்காக விட்ட நீண்ட வெட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதைத் தாண்டித்தான் சீல் உள்ளே போக வேண்டும். விளிம்பைத் தேய்த்து மழுக்காமல் தள்ளினால் சீலின் உதட்டில் மயிரிழைக் கீறல் விழும், அது போதும் காற்று கசிய.

பிஸ்டனை ஸ்பிரிங் இல்லாமல் டியூபுக்குள் விடுங்கள். குழலை மடக்கி, காற்று வெளியேறும் துளையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளுங்கள். காற்று மெத்தை போல எதிர்க்க வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்ல மெல்ல இறங்கினால் கசிவு. விரலை எடுத்ததும் கட்டைவிரல் அழுத்தத்துக்கு நகர வேண்டும். உடம்புப் பலம் போட வேண்டியிருந்தால் இறுக்கம் அதிகம். வேகத்தைத் தின்பதில் இறுக்கமான சீல் கசியும் சீலுக்குக் குறைந்ததல்ல. ஜெர்மன் தயாரிப்பான டயானா 34 மாடலுக்கு டியூப் விட்டம் 28 மி.மீ.; அதைப் பார்த்துச் செய்த துப்பாக்கிகளில் அந்த எண்ணை நம்பாமல் டியூபையே அளந்துவிடுங்கள். இறுக்கமாக இருந்தால் பிஸ்டனை லேத்தில் பிடித்துச் சீலை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம்.

சிந்தெடிக் சீலுக்கு விரல் நுனி அளவு மாலி (மாலிப்டினம்) கிரீஸ் போதும். தோல் வாஷர் என்றால் துளி எண்ணெய் வேண்டும். எஞ்சின் ஆயில் ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்: அழுத்தத்தின் சூட்டில் அது உள்ளே பற்றி வெடித்துப் புகை வரும், சத்தம் கூடும், ‘பவர் ஏறிவிட்டது’ என்று தோன்றும். உண்மையில் சீல் கருகிக்கொண்டிருக்கிறது.

குழல் மடங்கும் இடத்தில் உள்ள ஓ-ரிங்கை மாற்றினேன். சரியாக உட்கார்ந்ததா என்று எப்படி அறிவது?
– யாழ்ப்பாண வாசகர்

பெல்லட் போட்டு, குழல் சேரும் இடத்தின் மேல் மெல்லிய டிஷ்யூத் துண்டு ஒன்றை வைத்துச் சுடுங்கள். துண்டு பறந்தால் கசிகிறது. ரிங்குக்கு அடியில் மெல்லிய வளையம் வெட்டிப் போடுங்கள். குழலை மூடவே சிரமப்பட்டால் ரிங் உயரம் அதிகம், சூடும் மேலும் கீழுமாகச் சிதறும்.

புது ஸ்கோப் மவுண்ட் (தொலைநோக்கிக் குறியைத் தாங்கும் பிடி) இருபது சூட்டுக்குள் பின்னால் நகர்ந்துவிடுகிறது. எவ்வளவு முறுக்கினாலும் நிற்கவில்லை.
– சேலம் வாசகர்

முறுக்குவதை நிறுத்துங்கள். கோளாறு ஸ்குரூவில் இல்லை, துப்பாக்கியின் மேல் உள்ள ரெயிலைக் கவ்வும் தாடையில். ‘11 மி.மீ. ரெயில்’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் அகலம், பள்ளத்தின் கோணம் இரண்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரெயிலின் இரு பக்கமும் மார்க்கர் மையைப் பூசி, மவுண்டை மாட்டி இறுக்கிக் கழற்றுங்கள். மை நீளமான பட்டையாக அழிந்திருந்தால் தாடை முழுக்கப் படிகிறது. ஒரு விளிம்பில் கோடாக மட்டும் அழிந்திருந்தால் கோணம் ஒத்துவரவில்லை. எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கோடுதான் தாங்கும், கடைசியில் ரெயில்தான் நசுங்கும்.

ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னுக்கு உதைத்து, பிஸ்டன் முனையில் மோதும்போது முன்னுக்கும் உதைக்கும். அதனால் தடுப்புப் பின் (pin) உள்ள மவுண்டே வாங்குங்கள். அந்தப் பின் ரெயிலில் உள்ள குழியில் உண்மையாகவே இறங்க வேண்டும். இந்தத் தடுப்புப் பின் குழியைவிடத் தடிமனாக இருப்பது அடிக்கடி பார்க்கும் குறை. ஸ்கோப்பும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கென்று சொல்லப்பட்டதாக இருக்கட்டும். பின்னுதையை மட்டும் எண்ணிச் செய்த ஸ்கோப்புகளில் உள்ளே லென்ஸோ குறுக்குக்கம்பியோ கழன்றுவிடும்.

மேல் வளையங்களைப் போடுமுன் ஸ்கோப்பைக் கீழ்ப்பாதிகளில் வைத்து விரலால் தட்டுங்கள். ஆடினால் இரண்டும் ஒரே கோட்டில் இல்லை. இறுக்கும்போது மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, சுமார் 2 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் குழாயில் தழும்பு விழும்.

3 மி.மீ. கம்பிக்குப் பதில் 3.2 மி.மீ. ஸ்பிரிங் போட்டால் பவர் கூடுமா?
– மதுரை வாசகர்

சுருள் விட்டமும் சுற்றும் மாறாமல் இருந்தால் விறைப்பு ஏறக்குறைய 29 சதவீதம் கூடும். விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் படியில் ஏறுவதால் அப்படி. பெல்லட் வேகம் அந்த அளவு ஏறாது, ஏனெனில் டியூபில் உள்ள காற்றின் அளவு அதேதான். கூடுவது உதையும் தேய்மானமும். சட்டமும் இருக்கிறது. இந்தியாவின் 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூல் (joule) ஆற்றலையோ 4.5 மி.மீ. துளையையோ தாண்டினால் உரிமம் வேண்டும். 0.51 கிராம் பெல்லட் என்றால் வினாடிக்கு 280 மீட்டர்தான் அந்த எல்லை. குரோனோகிராஃபில் (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவியில்) பத்து சூடு வைத்துப் பாருங்கள். நல்ல ஸ்பிரிங்கும் சீலும் சேர்ந்தால் கூடுதலுக்கும் குறைவுக்கும் 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வராது. எண் பெரிதாக வருவதைவிட இந்த நெருக்கம் முக்கியம்.

டிரிகர் கொக்கி தேய்ந்துவிட்டது. வெளிக்கடையில் கிடைப்பதைப் போடலாமா?
– திருச்சி வாசகர்

இந்த ஒன்றில் மட்டும் ஒரிஜினலுக்காகக் காத்திருங்கள். கொக்கியின் முகம் கடினப் பதம் போட்டது. உள்ளூர் வார்ப்பு பளபளப்பாக இருந்தாலும் சில நூறு சூட்டில் உருண்டுவிடும். வேறு வழியில்லை என்று போட்டிருந்தால், பெல்லட் போட்டு, குழலைக் குண்டு தாங்கும் பெட்டிக்கு நேரே வைத்து, துப்பாக்கியின் பின்கட்டையை ரப்பர் சுத்தியால் தட்டிப் பாருங்கள். ஒரு முறை தானாக விடுபட்டாலும் பாகம் குப்பைக்கு. சோதனை முடியும்வரை பெல்லட் போடும்போது மடக்கிய குழலை மறு கையால் பிடித்தபடியே இருங்கள். கொக்கி நழுவினால் குழல் மூடும் வேகத்தில் விரல் போய்விடும்.