பள்ளியில் சொல்லித்தரும் 12 டென்ஸ்களையும் என் மகனுக்கு எப்படி மனப்பாடம் செய்ய வைப்பது?

மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். இந்த ஒரு வரியோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் "எட்டாம் வகுப்பு வந்தும் வரிசையாகச் சொல்ல வரவில்லை, மக்குப் பிள்ளையோ என்று பயமாக இருக்கிறது" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்களே, அந்த 'மக்கு' சுருக்கென்று தைத்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பையன் தமிழ் வழியில் படிக்கிறான், வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லை என்று நானாக வைத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆங்கில ஆசிரியை அல்ல. படித்தது பி.காம். காரைக்குடி பக்கம் ஆத்தங்குடியில் அப்பாவின் கல் பட்டறையில் (கல் என்று நாங்கள் சொல்வது தரையில் பதிக்கும் டைல்ஸை) கணக்கும் போனும் என் பொறுப்பு. "டைல்ஸ் விற்கிறவளுக்கு இலக்கணம் எதற்கு" என்று பின்னூட்டம் போட நினைப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.

எங்கள் பள்ளியில் சார் கரும்பலகை முழுக்கக் கட்டம் போடுவார். மேலே பிரசென்ட், பாஸ்ட், ஃபியூச்சர். பக்கவாட்டில் சிம்பிள், கன்டினியூயஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ். எல்லாக் கட்டத்துக்கும் 'ரைட்' என்ற ஒரே வினைச்சொல்தான். 'ஐ ரைட்' என்று ஆரம்பித்து 'ஐ ஷேல் ஹேவ் பீன் ரைட்டிங்' வரை வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு ஒப்பிப்போம். எனக்குத் தடங்கலே இல்லாமல் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பெருமைதான். ஆனால் எந்தக் கட்டத்தை எப்போது எடுக்க வேண்டும் என்று சாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எதை, எப்போது, யார் எழுதுகிறார்கள் என்றே தெரியாமல் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டே இருந்தோம்.

எனக்கு டென்ஸ் புரிந்தது பட்டறையில்தான். ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரியாவிட்டால் நான் சொல்வது விளங்காது, அதனால் சுருக்கமாக. கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் வர்ணம் கலந்த சிமென்டை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவை போட்டு மட்டம் பண்ணுவார்கள். சூளை கிடையாது. இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊற வேண்டும், பிறகு காய வேண்டும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது. ஆக எந்த நேரத்தில் கேட்டாலும் ஒரு ஆர்டரில் கொஞ்சம் கல் போட்டாகிவிட்டது, கொஞ்சம் ஊறிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் இனிமேல்தான் போட வேண்டும் என்ற நிலைதான்.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது பெங்களூரில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா முகப்புக்கும் பூஜை அறைக்கும் கல் சொல்லியிருந்தார். அப்பாவின் ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு ஒரே உருவம். கூடவே எஸ்டர்டே, டுமாரோ என்று சேர்த்துக்கொள்வார், தீர்ந்தது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் அது தாராளமாகப் போதும், கல்லும் விற்கும். போனில்தான் மாட்டிக்கொண்டார். ஒரு வியாழக்கிழமை அந்த அம்மா கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று விசாரிக்க, இவர் "டைல்ஸ் சென்ட் மேடம், மண்டே" என்றிருக்கிறார். வருகிற திங்கட்கிழமை அனுப்புகிறோம் என்பது இவர் கணக்கு. அனுப்பு, அனுப்பினோம் இரண்டும் அப்பா வாயில் 'சென்ட்'தான். அந்த அம்மாவுக்கோ போன திங்களே அனுப்பியாகிவிட்டது என்று கேட்டிருக்கிறது. வியாழன் ஆகியும் வரவில்லை, இன்றைக்கோ நாளைக்கோ வந்து இறங்கிவிடும் என்று கொத்தனாரையும் கையாட்களையும் வரச்சொல்லி உட்காரவைத்துவிட்டார். கல் இங்கே தொட்டிக்குள் கிடக்கிறது.

அவர் சத்தம் போட்டதைத் தப்பு சொல்ல முடியாது. ஆட்களுக்குக் கொடுத்த கூலியை அப்பா கல் விலையில் கழித்துக்கொண்டார். அன்று ராத்திரி அம்மா, "என்னங்க, இனிமே இங்கிலீஷ் போன் வந்தா பாப்பா பேசட்டும்" என்றார். "அது படிக்கிற பிள்ள" என்றார் அப்பா. "படிக்கிற பிள்ளதான பேசணும்?" என்று அம்மா கேட்டதும் போன் என் கைக்கு வந்துவிட்டது.

பேச ஆரம்பித்ததும் எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. எதிரில் இருப்பவர் கேட்கிற கேள்விதான் டென்ஸைத் தீர்மானிக்கிறது. "ஆயிற்றா?" என்று கேட்டால் 'வி ஹேவ் மேட் தெம்'. "எப்போது போட்டீர்கள்?" என்று கேட்டால் 'வி மேட் தெம் லாஸ்ட் வீக்'. முடிந்துபோன நாள் ஒன்றைக் குறிப்பிட்டால் ஹேவுக்கு அங்கே வேலை இல்லை. "இப்போது என்ன நிலை?" என்றால் 'தே ஆர் ட்ரையிங்', அதாவது காய்ந்துகொண்டிருக்கிறது. "எப்போது வரும்?" என்றால் 'வி வில் லோடு ஆன் ஃப்ரைடே'. போன் பேசுகிற எனக்கு இந்த நான்கும், கல் எப்படிச் செய்கிறோம் என்று விளக்க 'வி போர் த கலர்' (வர்ணத்தை ஊற்றுகிறோம்) என்கிற சாதாரண பிரசென்டும் இருந்தால் பட்டறை ஓடிவிடும். கட்டத்தில் மீதி இருப்பவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை (இதைப் பிடித்துக்கொண்டு யாரும் வர வேண்டாம்). முதலில் தேவைப்படுவது இவை என்கிறேன். பன்னிரண்டு என்ற எண்ணிக்கையே பாடம் நடத்தும் வசதிக்குப் போட்டது. ஆங்கிலத்தில் வினைச்சொல்லே உருமாறிக் காட்டும் காலம் இரண்டுதான், மற்றதெல்லாம் துணைவினை சேர்த்துச் சொல்வது என்பது மொழியியலாளர்கள் பலரின் கணக்கு.

உங்கள் பையன் 'டிட் யூ வென்ட்' என்று எழுதுகிறானா? நம் பிள்ளைகள் பலரும் எழுதுவார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் 'போனாயா' என்றால் காலமும் ஆளும் கேள்வியும் எல்லாம் அந்த வினைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டதும் இறந்தகாலம் டிட்டுக்குப் போய்விடுகிறது, வினை பழையபடி கோ ஆகிவிடுகிறது. இதை ஒரு தடவை இப்படிச் சொல்லிக்காட்டினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். தப்பு என்று சிவப்பு மையில் சுழித்தால் அடுத்த தேர்விலும் அதையே எழுதுவான்.

எங்கள் ஊருக்கு வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருகிறார்கள், அதில் பிரெஞ்சுக்காரர்கள் அதிகம். கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளில் தங்கிக்கொண்டு இங்கே கல் பார்க்க வருவார்கள். நம் ஆட்களுக்கு வெள்ளையாக இருந்தால் எல்லாரும் இங்கிலீஷ்காரர். அப்படி வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் என்னிடம் 'ஐ ஆம் இன் இந்தியா சின்ஸ் டூ வீக்ஸ்' என்றார். கொஞ்ச நேரம் கழித்து 'ஐ ஹேவ் விசிட்டட் மதுரை எஸ்டர்டே'. எங்கள் வகுப்பில் பிரம்பால் அடி வாங்கிக்கொடுத்த அதே இரண்டு தப்புகள்! ('ஐ ஹேவ் பீன் இன் இந்தியா ஃபார் டூ வீக்ஸ்', 'ஐ விசிட்டட் மதுரை எஸ்டர்டே' என்றிருக்க வேண்டும்.) அவர்கள் மொழியில் ரெண்டு வாரமாக இருக்கிறேன் என்பதை நம்மைப் போலவே நிகழ்காலத்தில் சொல்கிறார்கள், நேற்று நடந்ததை ஹேவ் மாதிரியான ஒரு துணைவினை போட்டுச் சொல்கிறார்கள். தாய்மொழியின் வழக்கம் ஆங்கிலத்தில் எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். அந்த மனிதர் படித்தவர், நன்றாக உடுத்தியிருந்தார், அவரை யாரும் மக்கு என்று சொல்லவில்லை. நம் பிள்ளையை மட்டும் ஏன் சொல்கிறோம்?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். இப்போது எங்கள் பூவையும் கட்டத்தையும் அப்படியே மெஷினில் பிரின்ட் அடித்து, செராமிக்கில் 'ஆத்தங்குடி டைல்ஸ்' என்று விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் எங்களிடம் வந்து, "கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே" என்று பேரம் பேசுகிறார்கள். அது எங்கள் ஊரில் போட்ட கல்லே இல்லை என்று சொன்னால் நம்புவதில்லை. பட்டறைக்குள் வந்து அரை மணி நேரம் வீடியோ எடுத்துவிட்டு, வெயிலில் கல் தூக்குகிறவர்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போகிறவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம். சரி, விடுங்கள்.

உங்கள் பையனிடம் கட்டத்தைக் கேட்காதீர்கள். சாப்பிடும்போது தமிழிலேயே கேளுங்கள்: ஹோம்வொர்க் முடிச்சாச்சா, எப்ப முடிச்ச, இப்ப என்ன பண்ற, நாளைக்கு என்ன பரீட்சை. பதிலை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் வர வேண்டிய அவசியமே இல்லை. முதலில் தப்புத்தப்பாகத்தான் சொல்வான், டீச்சரிடம் மறுநாள் கேட்டுக்கொண்டு வரட்டும். 'கோ, வென்ட், கான்', 'டேக், டுக், டேக்கன்', 'புட், புட், புட்' என்கிற பட்டியல் இருக்கிறது பாருங்கள், அதை மட்டும் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணத்தான் வேண்டும், அதற்கு வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. தினமும் வாயில் வருகிற சொற்களாகப் பார்த்து முதலில் எடுக்கட்டும். 'ஷேல் ஹேவ் பீன்' எல்லாம் தேர்வுக்கு முந்தின வாரம் பார்த்துக்கொள்ளலாம்.