குண்டாகவே இல்லாத அப்பாவுக்கு ஏன் இடுப்பு மூட்டு தேய்ந்தது?

அப்பாவுக்கு 68 வயது, ஒல்லியான உடம்பு, அவருக்குப் போய் இடுப்பு மூட்டுத் தேய்மானமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அம்மாவும் ஒல்லிதான்.

அம்மா சொன்னதெல்லாம் "வலது முழங்கால் வலிக்குது" என்பது மட்டும். முழங்காலுக்கு எக்ஸ்ரே, முழங்காலுக்குத் தைலம், முழங்காலுக்கு உறை என்று ஒன்றரை வருஷம் ஓடியது. அப்புறம் பிசியோதெரபி கொடுக்க வந்த பெண், அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கித் தூக்கி, பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்பினார். தொடை இடுக்கில் சுரீரென்று பிடிக்க, அம்மா கத்திவிட்டார். இடுப்பு மூட்டில் பழுது என்றால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் தெரியும். சிலருக்கு அப்படியே முழங்கால் வரை இறங்கும். நாமோ அடிமுதுகு வலியைத்தான் 'இடுப்பு வலி' என்கிறோம். டாக்டரிடம் சொல்லும்போதே பாதி குழப்பம் ஆரம்பித்துவிடுகிறது.

சரி, காரணத்துக்கு வருகிறேன். உடல் எடை முழங்காலைப் படுத்துகிற அளவுக்கு இடுப்பு மூட்டைப் படுத்துவதில்லை. இங்கே மூட்டின் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழல வேண்டும். அம்மாவுக்கு அந்தக் கிண்ணம் பிறவியிலேயே ஆழம் குறைவு. பாரமெல்லாம் ஒரே சின்ன இடத்தில் விழுந்து விழுந்து குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. ஜப்பானில் இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஆழமில்லாத கிண்ணம்தான் காரணம். பெண்களிடம் இது அதிகம்.

ஆண்கள் என்றால் வருஷக்கணக்காகப் பாரம் தூக்கிய வேலையையும் பார்க்க வேண்டும். பிரிட்டனிலும் ஸ்வீடனிலும் விவசாயிகளுக்கு இது கூடுதலாக வருவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். பழைய எலும்பு முறிவு, மூட்டு நழுவியது, சிறுவயதில் பந்துத் தலைக்கு ரத்தம் போகாமல் நசுங்கும் பெர்தீஸ் நோய், குடும்பவாகு எல்லாம் அப்புறம்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது என்று எங்கள் வீட்டில் சண்டையே நடந்தது. வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில்தான். ஒற்றைக் காலில் நிற்கும்போது உடம்பு சாயாமலிருக்க இடுப்பின் வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பும் மூட்டின் மேலேயே விழுவதால், நடக்கும்போது உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் அதில் இறங்குகிறது. எதிர்க் கையில் தடி இருந்தால் தசைக்கு வேலை குறையும். அம்மா ஒரு மாதம் வலது கையில்தான் பிடிப்பேன் என்று அடம்பிடித்தார்.

சின்ன வயதில் கொஞ்ச நாளாவது நொண்டி நடந்தாரா, மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தாரா என்று அப்பாவிடம் கேட்டு டாக்டருக்குச் சொல்லுங்கள். கால் நகத்தைத் தானே வெட்டிக்கொள்கிறாரா என்றும் கவனியுங்கள். அம்மாவுக்கு முதலில் முடியாமல் போனது அதுதான். "கண்ணு சரியா தெரியலடா" என்று நகவெட்டியை என்னிடம் நீட்டுவார், நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.