பலவீனமான இதயத்துக்கு உதவியாக இரத்தத்தை அனுப்பும் பம்புதான் இதயத் துணைக் கருவி. பெரியவர்களுக்கான இக்கருவியைக் குழந்தைகளுக்கு ஏன் அப்படியே பொருத்த முடிவதில்லை?

சிறிய மார்புக்கூட்டில் இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் அதைவிடக் கடினமான தடை இரத்தம் உறைதல். பெரியவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது. பச்சிளங்குழந்தைக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே தேவைப்படுவதால், பெரிய பம்பை மெதுவாக இயக்கினால் உள்ளே இரத்தம் தேங்கி உறைந்து, அந்த உறைகட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும்.

குழந்தைகளுக்காக உருவான 'பெர்லின் ஹார்ட் எக்ஸ்கார்' கருவியில் பம்பு உடலுக்கு வெளியே இருக்கும். அதன் மிகச் சிறிய வகையின் கொள்ளளவு வெறும் 10 மில்லிலிட்டர். 2012-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், இதய மாற்றுக்காகக் காத்திருந்த குழந்தைகளில் இக்கருவி பொருத்தப்பட்டவர்கள், எக்மோ (இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் உடலுக்கு வெளியிலிருந்து தற்காலிகமாகச் செய்யும் இயந்திரம்) உதவியில் இருந்தவர்களைவிட நெடுநாள் உயிர்வாழ்ந்தனர்; ஆயினும் ஏறத்தாழ 29 சதவீதத்தினருக்குப் பக்கவாதம் ஏற்பட்டது. கருவி பொருத்துவதற்கு முன்பே இந்த எண்ணைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிறவியிலேயே ஒரே கீழறை மட்டும் செயல்படும் குழந்தைகளின் நிலை இன்னும் சிக்கலானது. அமைப்பில் குறையின்றி, தசைநோயால் மட்டுமே பலவீனமடைந்த இதயத்துக்குக் கிடைக்கும் அளவு பலன் இவர்களுக்குக் கிடைப்பதில்லை.