கத்தரி நுனி வாடுகிறது, சந்தையோ பக்கத்திலேயே: வீட்டில் எதை வளர்க்கலாம்?

கேள்வி: மதுரை அண்ணா நகர்ப் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் மண் தரை இருக்கிறது. ஆசையாக நிறையக் கத்தரிச் செடி வைத்தேன். நுனி வாடித் தொங்குகிறது, தண்ணீர் ஊற்றினாலும் நிமிரவில்லை. காய்த்ததிலும் பாதிக்கு ஓட்டை. கடையில் மருந்து வாங்கி அடிக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உழவர் சந்தை நடக்கிற தூரம்தான். இவ்வளவு பாடுபட்டு வீட்டில் காய்கறி போடத்தான் வேண்டுமா? மிஞ்சினால் சந்தையில் விற்கலாமா?

பதில்: முதலில் கத்தரியைப் பார்ப்போம் அம்மா. தொங்குகிற நுனி ஒன்றைக் கிள்ளி நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு சின்னப் புழுவோ அதன் எச்சமோ இருந்தால் அது தண்டு, காய்த் துளைப்பான். காயில் ஓட்டை போடுவதும் இதே புழுதான். செடி முழுவதுமே ஓரிரு நாளில் துவண்டு போனால் அது வேறு கதை, வாடல் நோய். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

துளைப்பானின் அந்துப்பூச்சி ராத்திரியில் வந்து இலையில் முட்டையிடும். பொரிக்கும் புழு, செடி சின்னதாக இருந்தால் தண்டுக்குள்ளும், காய் பிடித்துவிட்டால் காய்க்குள்ளும் போய்விடும். உள்ளே போனபிறகு மேலே எதை அடித்தாலும் அதற்கு உறைக்காது. அதனால் கையால் செய்கிற வேலைதான் பெரிய மருந்து. வாடிய நுனியைப் புழு இருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி, ஓட்டைக் காயையும் பறித்து, சோப்புத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். குப்பைக் குழியில் போட்டால் புழு அங்கேயே வளர்ந்து பூச்சியாகத் திரும்பி வரும். செடிக்கடியில் உதிர்ந்த சருகையும் கூட்டிவிடுங்கள், கூட்டுப்புழு அதில்தான் இருக்கும்.

கூடவே 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. வேப்பங்கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் 50 கிராமை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் காலையில் பிழிந்து வடிகட்டுங்கள். கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளியுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

கடை மருந்து வேண்டாம். அடித்தபின் இத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று ஒவ்வொரு மருந்துக்கும் கெடு உண்டு. வீட்டுத் தோட்டத்தில் சாம்பாருக்கு நாலு காய் தேவைப்பட்டால் யார் நாளை எண்ணப் போகிறார்கள்? இன்னொன்று: ஓட்டைக் காய் என்றாலே மருந்தடிக்காத காய் என்று சந்தையில் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் நம்பிக்கை. அடித்தும் ஓட்டை விழும்.

சரி, சந்தைக்கு வருவோம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே உங்கள் அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று திறந்ததுதான். விலைப் பலகையில் போடுவது மொத்த விலைக்கு மேலும் சில்லறைக் கடை விலைக்குக் கீழுமாக இருக்கும். அந்த விலையோடு வெங்காயத்திலும் முட்டைக்கோசிலும் நீங்கள் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். கிழங்கு, பூசணி மாதிரி இடத்தை அடைத்துக்கொள்பவற்றையும் பறித்தபின் நாலு நாள் தாங்குபவற்றையும் சந்தையில் வாங்குங்கள். பறித்த சில மணி நேரத்திலேயே வாடுவதையும், ஒரு கைப்பிடிக்காகக் கட்டுக்கட்டாக வாங்க வேண்டியதையும் வீட்டில் வையுங்கள்.

அந்தக் கணக்கில் கீரைக்குத்தான் முதலிடம். சிறுகீரையும் முளைக்கீரையும் ஒரு மாதத்துக்குள் கைக்கு வரும். விதை பொடி என்பதால் மணலோடு கலந்து தூவுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் குப்பென்று முளைக்கும். பாத்தி முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல் வாரம் ஒரு பகுதியாகப் போட்டால் தட்டில்லாமல் கிடைக்கும். அரைக்கீரையை ஒருமுறை போட்டுவிட்டு வெட்ட வெட்டத் துளிர்க்க விடலாம். வேலியில் கோவை, ஆடியில் ஊன்றிய அவரை, ஓரத்தில் கறிவேப்பிலை, நாலைந்து மிளகாய் இருந்தால் ஒன்றரை சென்ட் நிறைந்துவிடும்.

கத்தரி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு செடி போதும், தினமும் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும். காய்ப்பு ஓய்ந்த கிழட்டுச் செடியை வைத்திருக்காதீர்கள், புழு அதில்தான் தங்கும். அடுத்த தடவை அதே பாத்தியில் கத்தரியோ தக்காளியோ வைக்காமல் கீரை விதையுங்கள். நாட்டுக் கத்தரி விதை வேண்டுமானால் சந்தைக்கு வரும் விவசாயியிடமே கேளுங்கள். கறிக்கு வாங்கும் பிஞ்சுக் காயின் விதை முளைக்காது. செடியிலேயே பழுத்து மஞ்சளான காய் ஒன்றை "விதைக்கு வேணும்" என்று சொல்லி வையுங்கள், பெரும்பாலும் கொண்டுவந்து தருவார்கள். அது வீரிய ஒட்டு ரகமா (ஹைப்ரிட்) என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வீரிய ஒட்டு ரக விதையில் தாய்ச்செடி மாதிரியே காய் வராது.

மிஞ்சியதை உழவர் சந்தையில் விற்க முடியாது. பயிர் செய்யும் விவசாயி என்று அதிகாரிகள் சரிபார்த்து அடையாள அட்டை கொடுத்தவர்களுக்குத்தான் அங்கே கடை. உங்களிடம் மிஞ்சும் கோவைக்காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், மருந்து யோசனை சொன்னவருக்கும் சேர்த்து.